இலவச இணைப்பு

சென்னை
7 ஜூலை 2025

செம்மொழி,

உன் போன் மூன்று வாரமாக ஸ்விட்ச் ஆஃப். அந்த ஹாஸ்டலில் போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வார்கள் என்று அப்பா சொன்னார். அதனால்தான் தபால். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி, கையால் யாருக்கும் நான் கடிதம் எழுதியதில்லை.

ஒரு கேள்விதான். ஏன்டி வரவில்லை?

ஜூன் பதினாறாம் தேதி காலை தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டில் ஆறரையிலிருந்து நின்றேன். நம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். உனக்கு வாந்தி வரும் என்று ஜன்னலை உனக்குப் பேசி வைத்திருந்தோம். கண்டக்டர் இரண்டு தடவை எண்ணிவிட்டு, "இன்னொரு பொண்ணு வருமா வராதாம்மா? பஸ்ஸை எடுக்கணும்ல" என்றார். வரும் என்றேன். விழுப்புரம் வரை உன் சீட்டில் என் பையை வைத்திருந்தேன். அப்புறம் கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்து, "பைக்கு டிக்கெட் எடுத்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இங்கே கல்லூரி வாசலில் செந்தாமரை மேடம் நின்றிருந்தார். கோச் நமக்காக வாசலுக்கே வந்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "செம்மொழி எங்க?" என்றார். எனக்குக் கிடைத்த வரவேற்பு அது.

பிப்ரவரியில் மாநிலப் போட்டி முடிந்து நாலு கல்லூரிக்காரர்கள் உனக்காகக் கேட் பக்கம் காத்திருந்தார்கள். நீ ஸ்ட்ரைக்கர், நாலு ஆட்டத்தில் ஏழு கோல். கோல் கீப்பருக்காக யாரும் நிற்கவில்லை. நீதான் மேடத்தின் முகத்துக்கு நேரே, "வானதி வந்தா நான் வருவேன். இல்லைன்னா கோயம்புத்தூருக்குப் போறேன்" என்றாய். நான் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். புரையேறிவிட்டது. அப்படிச் சொன்னவள் கடைசி நிமிஷத்தில் வேறு கல்லூரியில் போய்ச் சேருவாள் என்று எப்படி நினைப்பேன்?

ஊரில் என்னென்னவோ பேசிக்கொள்கிறார்களாம். உனக்கு ஸ்கூட்டி கொடுத்தார்கள் என்கிறார்கள். உண்மையா?

வானதி


தஞ்சாவூர்
19 ஜூலை 2025

வானதி,

உன் கடிதத்தை வார்டன் பிரித்துப் படித்துவிட்டாள். சாப்பாட்டு வரிசையில் எல்லார் முன்னாலும், "ஏய் செம்மொழி, ஸ்கூட்டியை எங்கடி நிறுத்தியிருக்க?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

இனிமேல் என் பேருக்கு எழுதாதே. ராசம்மாள், சமையல் கூடம் என்று எழுது. அம்மா இங்கேதான் வேலை பார்க்கிறாள். சமையல்காரிக்கு வரும் தபாலை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

ஏன் வரவில்லை என்று கேட்டாய். என்னுடைய டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், விளையாட்டுச் சான்றிதழ்கள் எல்லாம் உன் வீட்டு பீரோவில் இருந்தன. எங்கள் வீடு ஒழுகும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரு ஐப்பசியில் நனைந்த பிறகு அப்பாதான் கொண்டுபோய் உங்கள் வீட்டில் கொடுத்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய பட்டாவும் பத்திரமும் உங்கள் தெரு பீரோக்களில்தான் இருக்கின்றன. பத்திரமாக இருக்கும் என்பார்கள். அவசரத்துக்குக் கேட்கப் போனால் வாசலில் நிற்க வேண்டும்.

பதினைந்தாம் தேதி சாயங்காலம் வாசலில் நின்றேன். உன் அப்பா வெளியே வந்தார்.

"அதெல்லாம் காலேஜ்ல குடுத்தாச்சும்மா."

"எந்த காலேஜுங்கய்யா?"

"இங்கதான், தஞ்சாவூர்ல. தாளாளர் நமக்கு வேண்டப்பட்டவரு. உன்னை நல்லா பாத்துக்குவாரு. மெட்ராஸுக்குப் போயி என்ன பண்ணப்போற?"

ஒரிஜினல் இல்லாமல் எந்தக் கல்லூரியும் சேர்க்காது என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும். வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. உன் செருப்பு வாசலில் கிடந்தது. நீ வெளியே வரவில்லை.

மறுநாள் காலை நீ பஸ் ஸ்டாண்டில் நின்ற நேரம் நான் உங்கள் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தேன்.

செம்மொழி


சென்னை
28 ஜூலை 2025

செம்மொழி,

சத்தியமாக எனக்குத் தெரியாது. நீ வந்த நேரம் நான் குளித்துக்கொண்டிருந்திருப்பேன். அப்பா என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவரிடம் போனில் கேட்டேன். "அந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தான் செஞ்சேன், வீட்டுப் பக்கத்துல இருக்கும்" என்கிறார். அவர் செய்தது தப்புதான். நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆஃப்சைடு கொடுத்த ரெஃப்ரியின் விசிலைப் பிடுங்கி எறிந்தவள் நீ. இதற்கு மட்டும் ஏன் பேசாமல் இருந்தாய்? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கலாம். செந்தாமரை மேடத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாம். உன் அம்மாவுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று ஏதோ முகவரி சொல்வதுபோல எழுதியிருக்கிறாய். ஸ்கூட்டி இல்லை, சரி. வேலை உண்டல்லவா? அப்படியானால் விலை என்று ஒன்று பேசியிருக்கிறார்கள். நீயும் சரி என்றிருக்கிறாய். என் அப்பாவை மட்டும் ஏன் சொல்கிறாய்?

எழுதிவிட்டுப் படித்தால் கடுமையாக இருக்கிறது. அடித்துத் திருத்த மனமில்லை. இருக்கட்டும்.

வானதி


தஞ்சாவூர்
10 ஆகஸ்ட் 2025

வானதி,

விலையைக் கேட்டாய். சொல்கிறேன்.

நீ பஸ் ஏறிய அன்று மத்தியானம் இந்தக் கல்லூரியின் நிர்வாக அதிகாரி ராஜ்குமார் எங்கள் தெருவுக்குக் காரில் வந்தார். இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். அப்பா குனிந்து ஜன்னல் வழியாகத்தான் பேச வேண்டியிருந்தது. "என் சர்டிபிகேட்டைக் குடுத்துருங்க சார், இல்லைன்னா அடுத்த திங்கக்கிழமை மனு குடுப்பேன்" என்றேன். மனு எழுதித்தான் வைத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவிடம் பேசினார்.

"நடவுக்குப் போறீங்களாம்மா?"

"ஆமாங்க சார்."

"இடுப்பு போயிருமே."

"போனது போனதுதான் சார்."

"நம்ம ஹாஸ்டல் மெஸ்ல ஒரு ஆள் வேணும். நிழல்ல வேலை, நின்னுக்கிட்டே செய்யலாம். தங்க ரூம் உண்டு. பொண்ணும் உங்க கண்ணு முன்னாடி இருக்கும்."

அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. நடவு முடிந்து வரப்பில் ஏறினால் உடனே நிமிர வராது. முழங்காலில் கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முதுகைத் தூக்குவாள். உங்கள் வயலில்தான் இருபது வருஷம். நீ பார்த்திருக்கலாம். பார்த்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

கார் போன பிறகு அம்மா என்னிடம், "ஒரு வருஷம் நிமிந்து நின்னு பாக்குறேன்டி" என்றாள். நான் மனுவைக் கிழித்தேன். விலை அதுதான். குறைவு என்று நினைக்கிறாயா?

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. அதிராம்பட்டினத்திலிருந்து அனீஸா என்று ஒரு அக்கா வந்தார். ஆராய்ச்சி செய்கிறார். பள்ளியில் நன்றாக ஃபுட்பால் ஆடிய பெண்கள் எதைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தலைப்பு. எங்களுக்கெல்லாம் ஒரு படிவம் கொடுத்தார். பயிற்சியாளரின் திறமை, மைதானம், பாடப்பிரிவு, வேலைவாய்ப்பு, நண்பர்கள், வீட்டிலிருந்து தூரம் என்று வரிசையாகக் காரணங்கள். முக்கியமானதற்கு ஒன்று, அதற்கடுத்ததற்கு இரண்டு என்று எண் போட வேண்டும்.

என் ரூமில் இருக்கும் புதுக்கோட்டைப் பெண் அறிவுமதி, "அக்கா, இதுல முட்டை எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவளிடம் வந்த மற்றக் கல்லூரிக்காரர்கள் தினம் ஒரு முட்டை என்றார்களாம், இங்கே இரண்டு. இன்னொருத்தி, கக்கூசுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற ஹாஸ்டல் இது ஒன்றுதான் என்றாள். டிஃபென்ஸில் ஆடும் பெண்ணை அவள் அப்பா கொண்டுவந்து விட்டதற்குக் காரணம், ஊரில் அவள் பேசிக்கொண்டிருந்த பையன். இங்கே சுற்றுச்சுவர் உயரமாம். ஒருத்திகூட பயிற்சியாளர் என்று சொல்லவில்லை. எங்கள் கோச் பக்கத்திலேயே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. "நீ ஏழு கோல் போட்ட பொண்ணுல்ல? உன்னை நாலு காலேஜ் கேட்டாங்களே. எதுக்கு இதை எடுத்த?" என்றார் அனீஸா அக்கா. நான் எடுக்கவில்லை என்றேன். "அப்படி ஒரு கட்டம் இல்லையேம்மா" என்றார். நல்ல மனுஷி, கஷ்டப்பட்டார். கடைசியில் 'மற்றவை' என்ற இடத்தில் டிக் அடித்துவிட்டுப் போனார். அவருடைய கணக்கில் நான் மற்றவை.

உனக்கு அந்தப் படிவம் வந்தால் எதற்கு ஒன்று போடுவாய்?

செம்மொழி


சென்னை
24 ஆகஸ்ட் 2025

செம்மொழி,

போன கடிதத்தில் விலை என்று எழுதியதற்கு மன்னித்துவிடு. உன் அம்மாவின் இடுப்பு பற்றி எனக்குத் தெரியாது என்று எழுதப் போனேன். தெரியும். ஞாபகம் வருகிறது.

என் நிலைமையையும் கேள். நான் இங்கே மூன்றாவது கீப்பர். முதல் இருவரும் வடக்கிலிருந்து வந்தவர்கள், கதவு உயரம் இருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் பதினொரு நிமிஷம் நின்றேன். மற்ற நாட்களில் கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்குகிறேன். சீனியர்கள் எனக்கு வைத்திருக்கும் பேர் காம்போ. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். காசு கொடுத்தது வரவில்லை, இலவசம் மட்டும் வந்துவிட்டது என்று சிரிப்பார்கள். "ஏய் காம்போ, பந்தை எடு." நானும் எடுக்கிறேன்.

மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது, "அந்தப் பொண்ணு இப்ப எப்படி ஆடுதாம்?" என்று கேட்பார். உன்னைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் யாரும் இல்லை. அதற்காகத்தான் என்னை இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறார் என்று ஒரு சீனியர் சொன்னாள்.

அறுப்பு முடிந்த எங்கள் வயலில், கட்டாந்தரையில், நீ நூறு பெனால்டி அடிப்பாய், நான் எழுபதைப் பிடிப்பேன். யாரும் என்னிடம் அவ்வளவு பிடித்ததில்லை என்று சொல்வாயே. இங்கே யாருக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் நேரமும் இல்லை.

வானதி


தஞ்சாவூர்
2 செப்டம்பர் 2025

வானதி,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் அப்பாவுக்கு அவருடைய வேட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் "ஈஸ்வரி, ஈஸ்வரி" என்று உன் அம்மாவைத்தான் கூப்பிடுவார். அந்த இரண்டு நாள் உன் அம்மா வளைகாப்புக்குத் திருவையாறு போயிருந்தார். பீரோவின் பூட்டு உடையவில்லை.

சாவியை எடுத்துத் திறந்தது யார்?

செம்மொழி


சென்னை
15 செப்டம்பர் 2025

செம்மொழி,

நான்தான்.

இதை எழுதப் பத்து நாள் ஆனது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜூன் பதினான்கு. ராஜ்குமார் எங்கள் வீட்டுக்கு வந்து, உன்னை எப்படியாவது அவர்கள் கல்லூரிக்கு வரச் சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். "அது அவங்க வீட்டு விஷயம், நான் தலையிட மாட்டேன்" என்று அப்பா அனுப்பிவிட்டார். எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் வாயைத் திறந்தேன். பிப்ரவரியில் நீ மேடத்திடம் என்ன சொன்னாய் என்று அவரிடம் சொன்னேன். அது வரைக்கும் என் ஆட்டத்தைப் பார்த்துத்தான் சென்னையில் சீட் கொடுத்தார்கள் என்று அவர் நினைத்திருந்தார். ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லியும் இருந்தார்.

காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப இந்த சீட்டு அந்தப் பொண்ணு வாங்கிக் குடுத்ததா?"

"ஆமாப்பா. செம்மொழி அடம் பிடிச்சுதான்..."

"கண்ணுசாமி மகளுக்கு இலவச இணைப்பா என் பொண்ணு?"

நான் டம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

"இளஞ்செழியன் மகளுக்கு யாரு சீட்டு வாங்கிக் குடுத்தான்னு நாளைக்கு டீக்கடையில கேப்பான். நம்ம வயல்ல நாத்துப் பறிக்கிறவ மகள்னு சொல்லவா? நீ உன் பேருல போ. அது இங்கயே படிக்கட்டும்." அப்புறம் கேட்டார், "பீரோ சாவி எங்க இருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது. அம்மா வருவதற்குள் நீ வந்து என்னிடம் வாங்கிக்கொண்டு போயிருப்பாய். சாவி அரிசி டிரம்முக்குள் இருக்கும். நான் கையை விட்டு எடுத்தேன். கையெல்லாம் அரிசி மாவு. பீரோவைத் திறந்து உன் பச்சை ஃபைலை எடுத்து, துடைத்து, அவரிடம் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்பாய். ஆறு வருஷம் நான் எத்தனை பிடித்தாலும் பேப்பரில் உன் பேர்தான். நீ இல்லாவிட்டால் மேடம் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். இதுதான் காரணம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அது முழுசாக உண்மை இல்லை. அப்பா கண்ணுசாமி மகள் என்று சொன்னபோது எனக்கும் சுட்டது. அவர் சொன்னது தப்பு என்பதால் இல்லை. அந்த இரண்டு நிமிஷம் நீ எனக்கும் கண்ணுசாமி மகளாகத்தான் இருந்தாய்.

மறுநாள் நீ வாசலில் நின்றபோது நான் குளிக்கவில்லை. கூடத்தில் இருந்தேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் நின்றது நடிப்பில்லை. நீ எப்படியாவது வந்துவிடுவாய் என்று நிஜமாகவே நினைத்தேன். நீ வந்துவிட்டால் நான் ஒன்றும் செய்யாத மாதிரி ஆகிவிடும் அல்லவா?

திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

வானதி


சென்னை
12 அக்டோபர் 2025

செம்மொழி,

நாலு வாரமாகப் பதில் இல்லை. மதியம் தபால் வரும் நேரம் ஹாஸ்டல் ஆபீஸ் பக்கம் போய் நிற்கிறேன். "உனக்கு எவன் லெட்டர் போடுறான்?" என்று கேட்கிறார்கள்.

நீ என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன். அப்பா மேல் புகார் எழுதித் தரச் சொன்னால் தருகிறேன். எதையாவது சொல்.

வானதி


தஞ்சாவூர்
3 நவம்பர் 2025

அன்புள்ள வானதிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபம்தான். ஒரு மாதம் உன் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கிழித்துவிடலாம் என்று எடுப்பேன், மறுபடி வைப்பேன். உன்னை மன்னித்துவிட்டேன், வானதி. நீயாவது உண்மையைச் சொன்னாய். உங்கள் தெருவில் அதைக்கூட யாரும் எங்களிடம் செய்ததில்லை.

இங்கே மழை. ஊரிலும் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைத்துக் கிடக்கிறதாம். எங்கள் கிரவுண்டில் கணுக்கால் வரை சேறு. ஆனாலும் நன்றாக ஆடுகிறேன். நேற்று மட்டும் மூன்று கோல். மூன்றாவது, நீ ஏமாறுவாயே, வலப்பக்கம் பார்த்துவிட்டு இடப்பக்கம் தட்டுவது, அதேதான். அடித்த பிறகு கோலுக்குள் உன்னைத் தேடினேன்.

என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். ஒரு வழி வந்திருக்கிறது. எங்கள் அணியில் கீப்பர் சரியில்லை. ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கியதில் தாளாளர் கொதித்துப்போய் இருக்கிறார். ராஜ்குமார் சாரிடம் பேசினேன். "ஒரு நல்ல கீப்பரைக் கொண்டாந்து குடுத்துட்டு நீ தாராளமா மெட்ராஸ் போ, உன் ஃபைலை நானே எடுத்துத் தர்றேன்" என்கிறார். அம்மாவின் வேலைக்கும் ஒன்றும் ஆகாதாம். முதல் செமஸ்டர் முடிந்ததும் இரண்டு கல்லூரியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் மாறிக்கொள்ளலாம்.

நீ இங்கே வந்தால் முதல் கீப்பர். எல்லா ஆட்டத்திலும் நிற்பாய். யாரும் உன்னைக் காம்போ என்று கூப்பிட மாட்டார்கள். நான் அங்கே வருவேன். இடம்தான் மாறுகிறோம். அடுத்த வருஷம் போட்டியில் எதிரெதிரே ஆடலாம்.

செந்தாமரை மேடத்திடம் இப்போது எதுவும் சொல்லாதே. ஆள் இழுக்கிறார்கள் என்று பேச்சு வந்தால் எல்லாம் கெட்டுப்போகும். என் ஃபைல் என் கைக்கு வந்ததும் நானே அவரிடம் பேசுகிறேன். உன் ஒரிஜினல்களை ராஜ்குமார் சார் பேருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு.

உன்னால் முடியாது என்றால் பரவாயில்லை. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

என்றும் உன்
செம்மொழி


சென்னை
24 நவம்பர் 2025

செம்மொழி,

உன் கடிதத்தை மொட்டை மாடியில் போய்ப் படித்தேன். 'அன்புள்ள' என்று பார்த்ததுமே அழுகை வந்துவிட்டது. துணி காயப்போட வந்த அக்கா, வீட்டில் யாராவது போய்விட்டார்களா என்று கேட்டார். இல்லைக்கா, ஒருத்தி திரும்ப வந்திருக்கிறாள் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் நாள் மனம் வரவில்லை. இங்கே பந்து பொறுக்கினாலும் சென்னை. ஊரில் அப்பா இன்னும் 'பொண்ணு மெட்ராஸ் டீம்ல' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் நாள், வரப்பில் நின்று முதுகைத் தூக்கும் உன் அம்மா கண்ணுக்குள் வந்தார். மூன்றாம் நாள் விண்ணப்பம் எழுதினேன்.

மேடம் ஏன் போகிறாய் என்று கேட்பார், என்ன பொய் சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் கேட்கவே இல்லை. போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மூன்றாவது கீப்பர் போனால் அவருக்கு ஒரு கட்டில் காலி. ஆபீஸில் ஒரிஜினல்களை வாங்கிக்கொண்டேன். எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, அப்பா கையெழுத்து தேவையில்லை என்றார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை. அங்கே வந்து சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். சத்தம் போடுவார், போடட்டும்.

நீ சொன்னபடியே எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ராஜ்குமார் கையெழுத்தோடு ஒப்புகை அட்டையும் வந்துவிட்டது. பரீட்சை டிசம்பர் பத்தாம் தேதி முடிகிறது. ஹாஸ்டலைக் காலி செய்வதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ வந்ததும் படுத்துக்கொள்ள ஜன்னல் ஓரக் கட்டிலைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே டர்ஃப், செயற்கைப் புல்; முதல் வாரம் பாதம் எரியும், இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள். மேடத்துக்குத் தாமதம் பிடிக்காது. மற்றதை நேரில் சொல்கிறேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

வானதி


தஞ்சாவூர்
5 டிசம்பர் 2025

வானதி,

நான் சென்னைக்கு வரவில்லை. கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்.

அக்டோபர் நான்காம் தேதி இடது முழங்கால் போய்விட்டது. அதற்கு முதல் வாரமே வீங்கித்தான் இருந்தது. தாளாளர் விருந்தாளிகளைக் கூட்டி வந்திருந்தார், நான் ஆடியே ஆக வேண்டும் என்றார்கள். ஊசி போட்டு இறக்கினார்கள். இருபதாவது நிமிஷம் யாரும் மோதவில்லை, நானாகத்தான் திரும்பினேன். உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தாலும் ஒரு வருஷம் பந்தைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகும் பழைய மாதிரி வராது என்றார். மூன்று கோல் போட்டேன் என்று எழுதிய அன்று நான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன்.

ராஜ்குமார் முதலில் என்னிடம் வரவில்லை. சமையல் கூடத்துக்குப் போய் அம்மாவிடம், "தீபாவளி வரைக்கும் இருங்கம்மா. அப்புறம் ரூமைக் காலி பண்ணிருங்க. ஆடுற பொண்ணுக்குத்தான் இங்க சோறு" என்றார். அம்மா என்னிடம் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து வந்து, எண்ணெய் தேய்த்துக் கால் பிடித்துவிட்டாள். அறிவுமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐந்து மாதமாக அம்மா நிமிர்ந்துதான் நடக்கிறாள், வானதி. நான் அதைப் பார்த்துப் பழகிவிட்டேன்.

நொண்டிக்கொண்டே ஆபீஸுக்குப் போனேன். என்ன செய்தால் அம்மா இருக்கலாம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "உங்க ஊர்ல ஒரு கோல் கீப்பர் இருந்துச்சே, இளஞ்செழியன் பொண்ணு. மெட்ராஸ்ல சும்மாதானே கிடக்கு? அதைக் கொண்டாந்துரு. உங்கம்மா இருக்கிறவரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கடிதத்தை அவர் மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பாசமா எழுதும்மா" என்றார். மன்னித்துவிட்டேன் என்ற வரி அவர் சொன்னது. மற்றதெல்லாம் நானே யோசித்தது. மூன்றாவது கோல் உட்பட.

என் ஃபைல் அவர் அலமாரியில்தான் இருக்கிறது. போன மாதம் அதற்கு மேலே உன்னுடையதை வைத்துப் பூட்டினார். எனக்குக் காட்டிவிட்டுத்தான் பூட்டினார். நீ இங்கே மூன்று வருஷம். எல்லா ஆட்டத்திலும் உன்னைத்தான் நிற்க வைப்பார்கள், அது பொய் இல்லை. வீங்கினால் ஊசி போட்டு நிற்க வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார், நீயாவது ஜெயிக்கிறாயா என்று பார்க்கிறேன். எனக்கு ஆபீஸில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடப் போட்டிகளுக்குப் போய் நல்ல பிள்ளைகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். எந்த வீடு ஒழுகுகிறது, எந்த அம்மாவுக்கு இடுப்பு வலி என்று நான் கேட்டால் சொல்லிவிடுவார்களாம்.

நீ அழுவாய் என்று தெரியும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு தோன்றலாம்.

பதினோராம் தேதி வந்து சேர். பக்கெட், பாய், தலையணை நீயே கொண்டுவர வேண்டும். போனை வார்டனிடம் கொடுத்துவிட வேண்டும். காலை ஏழரைக்கு மெஸ் திறப்பார்கள். அம்மாதான் இட்லி வைப்பாள். ஊரில் கூப்பிடுகிற மாதிரி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே. இங்கே எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சாப்பிட்ட தட்டை அவரவர்தான் கழுவி வைக்க வேண்டும்.

செம்மொழி